கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

என் அக்கா புருஷனுக்குப் பால் பண்ணையில் வைத்திருக்கும் பெயர் பளபளா. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். தொழில் பிளம்பர். ஒரு குழாயைச் சரி பண்ணக் கூப்பிட்டால், அந்தக் குழாயைச் சரி பண்ணி, பக்கத்துக் குழாயைத் துடைத்து, கீழே இருக்கும் தொட்டியைத் தேய்த்து, தொட்டி நிற்கும் தரையையும் கழுவிவிட்டுத்தான் கிளம்புவார். என் வீட்டுக்கு வந்தால் டீ குடித்த டம்ளரை அவரே கழுவுவார். அது கூடப் பரவாயில்லை. அலமாரியில் நான் கழுவி வைத்திருக்கும் மற்ற டம்ளர்களையும் இறக்கி ஒரு தடவை அலசி வைப்பார். எனக்குச் சுள்ளென்று வரும். "மாமா, அது கழுவினதுதான்" என்பேன். "தெரியும் பாப்பா" என்று சொல்லிக்கொண்டே அலசுவார். எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்தும் அவருக்கு நான் பாப்பாதான்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த பெண்டாட்டி நாள் முழுக்கச் சாணித் தண்ணீரில் கை வைப்பவள். பண்ணையில் மாடு நிற்கும் கொட்டில்களைத் தினமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். சாணமும் மூத்திரமும் கலந்த அந்தத் தண்ணீர் ஒரு காலத்தில் கால்வாயில் இறங்கி, ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. வயலில் பாய்ந்தால் பயிர் சாப்பிட்டிருக்கும். ஏரியில் பாசி சாப்பிட்டது. ஏரி முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆகி, மீன்கள் மூச்சு முட்டிச் செத்து மிதந்த பிறகுதான் கொட்டிலுக்குப் பின்னால் அந்த மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கறவைக் கொட்டிலில் இருந்த அக்காவைக் கூப்பிட்டு, நீ பார்த்துக்கொள் என்றார்கள். வேறு யாரும் அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் போக ஒத்துக்கொள்ளவில்லை.

மெஷின் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஒரு டேங்க், அடிப்பக்கம் புனல் மாதிரி குறுகி வரும். சாணியை வடிகட்டி, அதிலிருந்து அடுப்பெரிக்க வாயு எடுத்தது போக மிஞ்சும் தண்ணீர் அதில் ஏறும். அக்கா அதில் மெக்னீசிய உப்பைக் கரைத்து விட்டு, அடியிலிருந்து காற்றை ஊத விடுவாள். தண்ணீரில் கரைந்து கிடக்கும் மணிச்சத்தும் தழைச்சத்தும் அந்த உப்போடு சேர்ந்து, குருணை குருணையாக அடியில் உட்காரும். பார்த்தால் அரிசிக் குருணைதான், கொஞ்சம் பழுப்பாக இருக்கும். தெளிந்த தண்ணீர் மேலே வழிந்து கால்வாய்க்குப் போகும். குருணையைக் காயவைத்துச் சாக்கில் கட்டினால் நாற்றுப் பண்ணைக்காரர்கள் எருவுக்கு வாங்கிப் போவார்கள்.

நான் வேலை பார்ப்பது பக்கத்திலேயே, கன்றுக் கொட்டிலில். முதல் தடவை குருணை விழுந்த அன்று அக்கா ஓடி வந்து என் உள்ளங்கையில் ஒரு பிடி கொட்டினாள்.

"பாருடி. நேத்து வரைக்கும் இது நாத்தம். இன்னைக்கு எரு."

அவள் கல்யாணம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வாழ்க்கையை ஒரு ஓரமாக நகர்த்தி வைத்திருந்த காலம் அது. அப்படி அவள் முகம் மலர்ந்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அதனால் எனக்கு அந்தக் குருணை மேல் ஒரு மரியாதை உண்டு.

மாமா எங்கள் குடும்பத்துக்குள் வந்ததும் அந்தக் குழாய் வழியாகத்தான். மெஷின் வைத்துக் கொஞ்ச காலத்தில் டேங்குக்குப் போகும் இரும்புக் குழாய் அடைத்துக்கொண்டது. குருணை டேங்கில் விழுவதற்கு முன்னாலேயே, குழாய் வளையும் இடத்தில், எல்போவில் படிந்து படிந்து கல்லாகிவிட்டது. யாரோ சொல்லி இவரைக் கூட்டி வந்தார்கள். அக்கா காலையிலிருந்து அந்தக் குழாயைத் திட்டிக்கொண்டிருந்தாள். இவர் ஒரு வார்த்தை பேசாமல் எல்போவை அறுத்து எடுத்து, இரும்பைப் பிளந்து, உள்ளே இருந்த கல்லை ஒரு சின்ன விரிசல் கூட இல்லாமல் முழுசாக வெளியே எடுத்தார். மடக்கிய முழங்கை மாதிரி இருந்தது. வெள்ளைக் கல், மேலெல்லாம் துருவின் செம்பழுப்பு ஓடியிருந்தது. அதை ஒரு துணியால் துடைத்து, இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார்.

"இதையா காலையில இருந்து திட்டுனீங்க? பாவங்க. டேங்க் வரைக்கும் நடக்க முடியாம வழியிலயே உக்காந்துடுச்சு."

அக்கா சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு நல்ல குழாய்களுக்கெல்லாம் ஏதோ கோளாறு இருப்பதாகச் சொல்லி மாமா அடிக்கடி பண்ணைக்கு வர ஆரம்பித்தார். இரும்பை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் குழாயாக மாற்றியது அப்போதுதான். மாற்றுவதற்கு வேறு குழாய் மிச்சமில்லை என்றானதும், வேறு வழியில்லாமல் பெண் கேட்டு வந்தார்.

அந்தக் கல்லும் கூடவே புது வீட்டுக்குப் போனது. அவர்கள் வீட்டுப் பின்கட்டுக் கதவு சும்மா நிற்காது, லேசாகக் காற்றடித்தாலும் படார் என்று சாத்திக்கொள்ளும். அக்கா கல்லை அதற்கு முட்டுக் கொடுத்தாள். "இதை மட்டும் கழுவாதீங்க. தேஞ்சு போயிடும்" என்று அவரிடம் சொல்லிவைத்தாள். வாசல்படியிலிருந்து வாளியின் அடிப்பக்கம் வரை தேய்க்கிற மனுஷன், அந்த வீட்டில் தண்ணீர் காட்டாத ஒரே பொருள் அந்தக் கல்தான். காய்ந்த துணியால் துடைத்து, பார்த்துப் பார்த்து அதே இடத்தில் வைப்பார்.

போன வருஷம் அக்காவுக்குக் குடலிறக்கம் என்று ஆபரேஷன் செய்தார்கள். கறவைக் கொட்டிலில் பால் கேன் தூக்கித் தூக்கி வந்த வினை. இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் திரும்பி வரும் வரை மெஷினை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது மேனேஜர் மாமாவைத்தான் கூப்பிட்டார். குழாயெல்லாம் அவர் போட்டது, அதனால் அவரே பார்க்கட்டும் என்று முடிவானது.

அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அவருக்குப் பாடம் எடுத்தாள். எந்த வால்வை முதலில் திறக்க வேண்டும், உப்பை எப்படிக் கரைக்க வேண்டும், காற்று மோட்டார் எந்த மாதிரிக் கத்தினால் ஓடிப்போய் நிறுத்த வேண்டும், எல்லாம் சொன்னாள். மாமா நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை குருணையை வடிக்கும்போதும் அடியில் கொஞ்சத்தை விட்டுவைப்பாள். தாய்க் குருணை என்பாள். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான் அதுவும். அது கிடந்தால்தான் புதிதாக வரும் சத்து அதைப் பிடித்துக்கொண்டு பருத்து, கனத்து, அடியில் உட்காரும். தினம் செய்து செய்து அவளுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றாமல் போய்விட்டது, அதனால் வாயில் வரவில்லை.

மாமாவுக்கு என்ன தோன்றியது என்று சொல்லவா வேண்டும். பெண்டாட்டி உடம்பு தேறி வரும்போது எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைத்தார். அன்று பார்த்து நாற்றுப் பண்ணை வண்டி வந்து இருந்த சாக்கையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனது. இதுதான் சமயம் என்று டேங்கைக் காலி பண்ணி, உள்ளே இறங்கித் தேய்த்தார். ஒட்டியிருந்ததையெல்லாம் சுரண்டினார். குழாய்களுக்குள் ஆசிட் விட்டு அலசினார். காயவைக்கும் வலையை உதறி, தரையைக் கூட்டி, கூட்டியதைச் சாக்கடையில் தள்ளித் தண்ணீர் ஊற்றினார். நான் அந்தப் பக்கம் போனபோது கல்யாண வீடு மாதிரி இருந்தது. "எப்படி இருக்கு பாப்பா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றுதான் நானும் சொன்னேன். என் கன்றுக்குட்டிகள் பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தன, நான் எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை.

அதற்கப்புறம் குருணை உட்காரவில்லை. உப்பு போட்டார், காற்று ஊதினார், தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்தது. வெளுத்ததோடு சரி. மாவு மாதிரி மிதந்து, வழிகிற தண்ணீரோடு அதுவும் வெளியே போய்விட்டது. ஏரி பாழானதிலிருந்து வாரா வாரம் ஒரு ஆபீசர் வந்து, கால்வாய் வாயில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போவது வழக்கம். அந்த வாரத் தண்ணீர் தேறவில்லை.

மேனேஜர் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை, அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரை நெருக்கினார்கள்.

"அடுத்த வாரமும் இதே கதைன்னா மெஷினை மூடச் சொல்றாங்க. தண்ணியைப் பழையபடி லாரியில ஏத்தி வெளிய அனுப்பிடலாம்னு பேசிக்கிறாங்க."

"அப்ப அவ?" என்று கேட்டிருக்கிறார் மாமா.

"அவங்களுக்கு என்ன, கறவைக் கொட்டில்ல எப்பவும் இடம் இருக்கே."

மாமா நேராகக் கன்றுக் கொட்டிலுக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. கறவைக் கொட்டில் என்றால் பால் கேன். பால் கேன் என்றால் அக்காவால் முடியாது. அவளுக்கு வேலை போகும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த டேங்க் போய்விட்டால் அவளிடம் என்ன மிஞ்சும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "மாமா, அக்கா அடியில கொஞ்சம் விட்டு வெப்பாளே, தாய்க் குருணைன்னு, அதை என்ன பண்ணீங்க?"

அவர் அங்கே கிடந்த தீவன மூட்டை மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"கழுவிட்டேன் பாப்பா."

திட்ட வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது. "அக்காகிட்ட சொல்லிடலாம் மாமா" என்றேன். அதற்கு மட்டும் சட்டென்று நிமிர்ந்தார்.

"வேணாம். கேட்டா தையலோட எழுந்து ஓடி வந்துடுவா. வந்து வாளியைத் தூக்குவா. நீ சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன்.

நாற்றுப் பண்ணைக்கு ஓடினார். ஒரு பிடி திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினார். அவர்கள் வாங்கிப் போன கையோடு எல்லாவற்றையும் மண்ணில் கலந்து நாற்றும் ஊன்றிவிட்டார்கள். திரும்பி வந்து டேங்கைச் சுற்றி, குழாய் இணைப்புக்குள், வலை மடிப்பில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினார். அவர் கழுவினால் ஒன்று மிஞ்சுமா. தன் கைச் சுத்தத்தையே அவர் அன்று சபித்தார்.

மறுநாள் காலை கன்றுக் கொட்டிலுக்கு ஒரு துண்டில் எதையோ சுற்றி எடுத்து வந்தார். பிரித்தார். அந்த எல்போக் கல். ஒரு ஓரத்தில் மூளியாக இருந்தது.

"ராத்திரியே ஒரு மூலையை உடைச்சுப் பொடி பண்ணிக் கொண்டாந்து போட்டேன். கொஞ்சம் உக்காந்திருக்கு. ஆனா அவ்ளோ பெரிய டேங்குக்கு அது பத்தாது."

"மாமா, வேற ஏதாவது..."

"இதுவும் அதே சத்துதான் பாப்பா. அன்னைக்கு டேங்க் வரைக்கும் நடக்க முடியாம வழியில உக்காந்தது. நான் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

சாக்கை விரித்தோம். நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் கல்லைத் தன் சட்டையால் ஒரு தடவை துடைத்தார், வழக்கம் போலக் காய்ந்த துணியால் துடைக்கிற மாதிரி. துடைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார். முதல் அடியில் அது மூன்றாகப் பிளந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. உடைத்து, பொடித்து, சலித்து, மறுபடியும் பொடித்து, கடைசித் துகள் வரை ஒரு வாளியில் தட்டினார். சாக்கை உதறினார். தன் சட்டையையும் வாளிக்கு மேலே உதறினார்.

வாளியை டேங்கில் கவிழ்த்துவிட்டு, அன்றிலிருந்து அதன் பக்கத்திலேயே கிடந்தார். முதல் நாள் மாவாகவே மிதந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிந்தது. அடுத்த தடவை ஆபீசர் வந்து பாட்டிலில் பிடித்த தண்ணீரை நானும் எட்டிப் பார்த்தேன். ரிசல்ட் வந்ததும் மேனேஜர் தானே நடந்து வந்து, "தேறிடுச்சு பளபளா" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய மனுஷன். வீட்டில் அவருக்கு வேறு பாடு. கல் இருந்த இடத்தில் ஒரு பழைய பெயிண்ட் டின்னை வைத்திருந்தார், கண்ணாடி மாதிரி தேய்த்து. அது கனம் போதாமல் கதவோடு நகர்ந்து நகர்ந்து, கதவு படார் படார் என்று அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்த அக்கா, முதல் நாளே எழுந்து வந்து பார்த்துவிட்டாள்.

"கல்லு எங்கங்க?"

மாமாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரியாதவர்கள் சொல்லும் பொய் எப்போதும் தங்களுக்கு எதிராகத்தான் இருக்கும்.

"கழுவிட்டேன். ஆசிட்ல போட்டேனா, கரைஞ்சு போச்சு."

நான் அப்போது சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கத்தியிருந்தால் கூடத் தேவலை.

"உங்களுக்குக் கழுவுறதுக்கு வேற எதுவுமே கெடைக்கலையா?" என்று மெல்லக் கேட்டாள். கேட்டுவிட்டுப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்புறம் அவரோடு பேசவே இல்லை. வேண்டியதை என்னிடம் சொல்லி, என் வழியாகக் கேட்டாள். அவர் கஞ்சி வைத்துக் கொடுத்தார், மாத்திரை எடுத்துக் கொடுத்தார், வெந்நீர் போட்டுக் கொடுத்தார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. நாக்கு நுனி வரை வந்த உண்மையை நான் எத்தனை தடவை விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

தண்ணீர் தேறிய பிறகாவது சொல்லலாம் இல்லையா. வாசலில் வைத்து அவரை மடக்கினேன்.

"இப்ப சொன்னா நான் என்னமோ பெரிய தியாகம் பண்ணின மாதிரி ஆயிடும்" என்றார். "கழுவினது நான்தானே பாப்பா. கோவப்படட்டும். படுத்தே கிடக்குறவளுக்கு அதாவது இருக்கட்டும்."

அக்கா வேலைக்குத் திரும்பிய நாள் நான் கூடவே போனேன். உப்பு வாளியைத் தூக்கி மேலே ஊற்றும் இடத்தில் மாமா ஒரு சின்ன பம்ப்பைப் பொருத்தி வைத்திருந்தார். கீழேயே கரைத்துவிட்டு ஒரு சுவிட்சைப் போட்டால் போதும், தூக்கவே வேண்டாம். வடிக்கும் வால்வையும் குனியாமல் திறக்கிற உயரத்துக்கு ஏற்றியிருந்தார். அக்கா பம்ப்பைத் தொட்டுப் பார்த்தாள். கோபம் இன்னும் பாக்கி இருந்தது.

வால்வைத் திறந்து ஒரு கை குருணையைப் பிடித்தாள். விரலால் புரட்டினாள். சரியாக விளைந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்றைக் கட்டை விரல் நகத்தால் நசுக்கி உடைப்பது அவள் வழக்கம். அப்படி உடைத்தவள் அப்படியே நின்றாள். இன்னொன்றை உடைத்தாள். மற்றொன்றை உடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். குருணைக்கு நடுவில் ஊசிமுனையளவுக்கு ஒரு பொட்டு, துருவின் செம்பழுப்பு.

அந்த மெஷினில் இரும்புக் குழாயைக் கழற்றிப் போட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. துரு வருவதற்கு அங்கே வழியே இல்லை. அவளுக்குத் தெரிந்த துருப்பிடித்த வெள்ளைக் கல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"டேங்கைக் கழுவினாராடி?" என்று கேட்டாள்.

"என்கிட்ட கேக்காதக்கா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்துகொண்டாள். கையில் இருந்ததைக் கீழே போடவில்லை. ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் உடைத்தாள். போதும், எருவையெல்லாம் மாவாக்காதே என்று நான்தான் அதட்ட வேண்டியிருந்தது.

சாயங்காலம் நாங்கள் வீட்டுக்குப் போனபோது மாமா தொட்டியடியில் டம்ளர் அலசிக்கொண்டிருந்தார். பின்கட்டுக் கதவு வழக்கம் போலப் படார் என்று அடித்தது. அக்கா பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தாள். மதியம் என் கொட்டிலில் உட்கார்ந்து பழைய சாக்குத் துணியை அவளே தைத்து, குருணையை நிரப்பி, வாயையும் தைத்திருந்தாள். பெரிய பாரமில்லை, ஆனாலும் அதை என்னிடம் கொடுத்து, "நீ வை" என்றாள். பெயிண்ட் டின்னை நகர்த்திவிட்டுக் கதவுக்கடியில் வைத்தேன். கதவு நின்றது.

மாமா ஈரக் கையோடு வந்து மூட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று இரண்டு கையையும் விரித்தேன்.

"ஏங்க" என்று கூப்பிட்டாள் அக்கா. அத்தனை நாளைக்கப்புறம் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டது அன்றுதான். "இது வீட்லயே இருக்கட்டும்."

"ம்."

"மறுபடியும் நீங்க டேங்கைக் கழுவிட்டீங்கன்னா வேணும்ல."

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெகு நேரம் துண்டை விலக்கவில்லை. அக்கா பக்கத்தில் போய் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பாதியில் விட்ட டம்ளர்களை நான்தான் கழுவி வைத்தேன். அவர் வந்து மறுபடியும் அலசுவார் என்று பார்த்தேன். அன்று அலசவில்லை.